குரலுக்குப் பல் கட்டிய வேலை

“...அதாலதான் தம்பி, நான் எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லிப்போடுறது. ஓம் எண்டால் ஒருத்தரும் திருப்பிக் கேக்கமாட்டினம். இல்லை எண்டு சொல்லிப் பாரும், ஏன், எதுக்கு எண்டு பின்னால வருவினம். அதுக்கு மறுமொழி சொல்லுறதெண்டால் முதல்ல என்ன கேட்டவை எண்டு தெரியோணுமெல்லே!”

கனகண்ணை இதைச் சொல்லிவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அப்படி அவர் சொன்ன ஓர் ‘ஓம்’ காரணமாகத்தான் நான் வேலணையிலிருந்து பெட்டி படுக்கை மாதிரிச் சாமான் கட்டிக்கொண்டு கடல் தாண்டி நயினாதீவுக்கு வந்திருந்தேன்.

கனகண்ணை குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் ஆட்களை ஏற்றும் மோட்டார்ப் படகான லோஞ்ச் ஓட்டியவர். டீசல் எஞ்சினுக்கு மேலே பலகையைப் போட்டு, அதன்மேல் குந்தியிருந்தே ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்தார். எஞ்சின் அவருக்குச் சோறு போட்டது, கூலியாகக் காதை எடுத்துக்கொண்டது. இப்போது ஓட்டுவதில்லை. லோஞ்ச் இறங்குதுறைக்குப் பக்கத்தில் கட்டிக் கிடக்கிறது. ஆனாலும் காலமை எழும்பித் தேத்தண்ணியைக் குடித்ததும் போய், அதற்குள் ஊறிய தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் வருவார்.

“ஓடாத லோஞ்சுக்கு ஒரு வேலைக்காரன்” என்பார் அவருடைய மனைவி பாக்கியமக்கா.

அந்த லோஞ்சை வாங்கப் புங்குடுதீவிலிருந்து ஓர் ஆள் வந்து பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நோர்வேயிலிருந்து மகள் வதனி வீடியோவில் அழைப்பு எடுத்தபோது பாக்கியமக்கா விசயத்தைச் சொல்ல, வதனி, “அப்பா, குடுப்பமோ?” என்று கேட்டிருக்கிறாள். கனகண்ணை, “ஓம் ஓம்” என்றிருக்கிறார். அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமை அந்த ஆள் காசோடு வருவதென்று முடிவாகிவிட்டது.

வதனிக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. தீவுப்பக்கத்தில் ஸ்பீக்கர் பூட்டித் திரிகிற எனக்குப் போன் எடுத்தாள்.

“அண்ணை, அப்பா என்னத்தைக் கேட்டு ஓம் எண்டவர் எண்டு எனக்குத் தெரியேல்லை. நான் குளிர் எண்டு சொன்னாலும் ஓம், பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டாலும் சிரிச்சுக்கொண்டு ஓம். நடுவில அம்மா அவற்ற காதுக்குள்ள கத்துவா. நான் ஒண்டு சொன்னால் அம்மா சொல்லுறது வேறை ஒண்டு. எனக்கு அப்பாவோட நேர கதைக்கோணும். லோஞ்ச் போறதுக்கு முதல் அவரை ஒருக்கா நேர கேக்கோணும். அவருக்குக் கேக்கட்டும் எண்டு நான் அனுப்பின ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்தானே? ஏன் அது வேலை செய்யுதில்லை?”

காதுக் கருவி ஒன்றும் அவள் முன்னமே அனுப்பியிருந்தாள். அதைப் போட்ட அன்றே, “காதுக்குள்ள நுளம்பு பூந்து நிண்டு பாடுது” என்று கழற்றிய கனகண்ணை பிறகு அதைத் தொடவில்லை. அலுமாரிக்குள் கிடக்கிறது.

“வாற ஞாயிறு நீர் போன் எடுக்கேக்க நான் அங்க நிப்பன் பிள்ளை. அதுக்கு முதல் ஒரு உதவி செய்யும். உம்மட குரலில எதையாவது சொல்லிப் பதிஞ்சு அனுப்பும்” என்றேன்.

“என்னத்தைச் சொல்ல?”

“என்னவும் சொல்லும். சமையலைச் சொல்லும்.”

காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சுவது எப்படி என்று சொல்லி அனுப்பினாள்.

நான் படித்த இடம்

இந்தத் தொழிலுக்கு வரும் இளம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஆகவே ஒரு விசயத்தை இடையில் சொல்லவேண்டும்.

நான் ஒரு பள்ளிக்கூடத்திலும் ஒலி படித்தவன் இல்லை. ரேடியோ திருத்தினேன், கோயில்களுக்கு ஒலிபெருக்கி கட்டினேன். பிறகு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் ஸ்பீக்கர்களை வீட்டில் பூட்டிக்கொடுக்கத் தொடங்கினேன். இப்போது வருபவை அநேகமாகப் பவர்ட் ஸ்பீக்கர். சத்தத்தைப் பெருக்குகிற அம்ப் உள்ளேயே இருக்கும். கரண்டும் ஒரு வயரும் கொடுத்தால் பாடும். அதனால் எல்லோரும் அதற்கு வெளியே இனி ஒன்றும் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். அம்ப் உள்ளே இருந்தாலும் அதற்குள் போகிற சத்தம் வெளியிலிருந்துதானே போகிறது? நமது வேலை அந்த வெளியில்தான் இருக்கிறது.

எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர்கள் வீட்டுக்காரர்கள். சத்தத்தைப் பற்றி நம் சனம் சொல்லும் கதையைக் காது கொடுத்துக் கேட்டால் மீற்றரே தேவையில்லை. சரவணையில் ஓர் அக்கா, “தம்பி, பாட்டு வீட்டுக்குள்ள வந்திட்டுது, பாடுறவர் மட்டும் படலையில நிக்கிறார்” என்றார். போய்ப் பார்த்தால் ஒரு ஸ்பீக்கருக்குச் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் மாறிப் பூட்டியிருந்தது. அப்படிப் பூட்டினால் நடுவில் நிற்கவேண்டிய குரல் கரைந்துபோகும். சாட்டிப் பக்கத்தில் ஒருவர், “பெட்டி பாடேல்லை, மேசைதான் பாடுது” என்றார். அது உண்மையிலேயே மேசைதான். அடியில் தடித்த ரப்பர் வைத்ததும் மேசை வாயை மூடியது. மண்டைதீவில் ஒரு மீன்பிடிகாரர், “உள்ள தேன்கூடு ஒண்டு கிடக்கு, பாத்துத் திறவும்” என்றார். அது கரண்டு எழுப்புகிற ‘ஹம்’ என்ற இரைச்சல்.

இவர்கள் ஒருவருக்கும் ஹேர்ட்ஸும் தெரியாது, டெசிபெலும் தெரியாது. எனக்கும் அந்தக் காலத்தில் தெரியாது. அவர்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் அந்தச் சொற்களுக்குப் பொருள் கண்டேன். இன்றைக்கும் ஒரு வீட்டுக்குப் போனால், ‘சத்தம் நல்லா இருக்கோ?’ என்று கேட்கமாட்டேன். ‘என்ன மாதிரிக் கேக்குது?’ என்றுதான் கேட்பேன்.

ஆறு நாள் பொலித்தீன்

ஞாயிறு காலை, வெளியே பூட்டும் சவுண்ட் கார்ட் ஒன்று, சிறிய மிக்சர், கிராபிக் ஈகுவலைசர், வயர்கள் எல்லாவற்றையும் துவாயில் சுற்றி, உப்புத்தண்ணி தெறிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு படகில் இருந்தேன். படகுக்காரப் பெடியன், “என்ன அண்ணை, பேரப்பிள்ளையோ?” என்றான். “ஓம், இன்னும் பேர் வைக்கேல்லை” என்றேன்.

வீட்டுக்குப் போனால், வதனி அனுப்பிய ஸ்பீக்கர் இரண்டும் ஷோகேசுக்குள் இருக்கின்றன. வந்த பொலித்தீன் கழற்றவில்லை. பொலித்தீனுக்கு மேலே பின்னல் துணி. துணிக்கு மேலே பிளாஸ்ரிக் பூச்சாடி. போடுவதற்கும் நிற்பாட்டுவதற்கும் மட்டும் பொலித்தீனில் ஒரு மூலையை வெட்டி வைத்திருந்தார்கள். பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தேன். பேஸ் என்கிற அடித்தொனி மூச்சு விடுவதற்கென்று வைத்த துவாரத்துக்குள் பழைய சீலைத்துணி அடைத்திருந்தது.

“இது என்னக்கா?”

“பல்லி முட்டை போட்டிடும் தம்பி.”

“பொலித்தீன்?”

“என்ன கதை கேக்கிறீர்? நோர்வேயில இருந்து வந்த சாமான்! இஞ்ச வீசுற உப்புக்காத்து சும்மா விடுமே? கொண்டந்த மின்விசிறி என்ன கதியாப் போச்சு எண்டு அந்தா பாரும்.”

பார்த்தேன். கம்பி முழுக்கத் துருவாக மின்விசிறி நின்றது. பாக்கியமக்கா சொன்னது பிழையில்லை. தீவுப்பக்கத்தில் ஒரு பிளக்கை ஒரு மாரி முழுக்கத் திறந்து வைத்தால் பச்சை பூத்துவிடும். அந்த ஸ்பீக்கரிலும் பொலித்தீனுக்கு வெளியே நின்ற பிளக் பச்சையாகத்தான் இருந்தது. உள்ளே நின்ற கோன், அதுதான் சத்தம் எழுப்புகிற கூம்பு, கடையில் எடுத்தது மாதிரி இருந்தது. அக்காவுக்கு அதைக் காட்டி, நன்றி சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு கதைப்பது சுகமாக இருந்தது.

“அக்கா, ஆறு நாளும் பொலித்தீன் கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையில மட்டும் கழட்டுவம். பல்லிக்கு நுளம்பு வலையில ஒரு துண்டு கட்டிவிடுறன். காத்துப் போகும், பல்லி போகாது.”

“பூச்சாடி?”

“அது ரி.வி.க்கு மேல நல்ல வடிவாயிருக்கும்.”

ஷோகேசிலிருந்து இறக்கி, கனகண்ணையின் கதிரைக்கு முன்னால், அவர் காதுயரத்துக்கு இரண்டு ஸ்ரூலில் ஸ்பீக்கர்களை வைத்தேன். பிளக்கைச் சுரண்டித் துடைத்து, அவர்கள் வீட்டு லப்டொப்பின் ஹெட்போன் துளையில் செருகியிருந்த வயரைக் கழற்றிவிட்டு, நான் கொண்டுபோன சவுண்ட் கார்டில் கொடுத்தேன். லப்டொப்புக்குள்ளேயே இருக்கும் ஒலிப்பகுதி எப்போதும் ஓர் இரைச்சலோடுதான் கதைக்கும். வெளியே ஒரு கார்ட் வைத்தால் அது போய்விடும். இரைச்சல் போனதும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த ‘ஹம்’ தலையைக் காட்டியது. லப்டொப்பின் சார்ஜரை இழுத்தேன், நின்றது. திரும்பச் செருகினேன், வந்தது. வயருக்கு நடுவில், அந்தக் கரண்டு இரைச்சலை மறிக்கிற ஐசொலேற்றர் ஒன்றைப் போட்டேன். தேன்கூடு கலைந்தது.

வதனியின் ஒடியற்கூழைப் போட்டேன்.

“ஐயோ, பிள்ளை குசினிக்குள்ள நிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு!” என்று பாக்கியமக்கா கன்னத்தில் கை வைத்தார்.

கனகண்ணையைப் பார்த்தேன். அவரும் தலையை ஆட்டினார். “ஓம் ஓம். நல்லாயிருக்கு.”

“என்ன சொன்னவ அண்ணை?”

“ஓம்.”

என்ன மாதிரிக் கேக்குது?

இந்த இடத்தில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். வொலியூமைக் கூட்டினேன்.

“கேக்குதோ?”

“கேக்கேல்லை.”

கூட்டினேன்.

“இப்ப?”

“சத்தம் வருது, கதை விளங்கேல்லை.”

இன்னும் கொஞ்சம்.

“எட! ஏன்ரா காதைப் பிளக்கிறாய்!” என்று அண்ணை கதிரையிலிருந்து துள்ளினார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: “பாக்கியமக்கா, கூழுக்கு இறால் போடேல்லையோ எண்டு வதனியைக் கேளுங்கோ!”

“இதுதான் தம்பி எங்கட வீடு” என்றார் பாக்கியமக்கா. “நாங்கள் போனில கதைச்சால் அயலட்டை முழுக்க மறுமொழி சொல்லும்.”

எஞ்சின் சத்தத்தில் காது போனவர்களுக்கு இப்படித்தான். கேட்கவில்லை, கேட்கவில்லை என்று இருக்கும். ஓர் எல்லை தாண்டியதும் நோகும். இடையில் உள்ள இடம் மிகவும் ஒடுக்கம். அந்த ஒடுக்கத்துக்குள் குரலைக் கொண்டுபோய் விடவேண்டும். எல்லாவற்றையும் பழையபடி குறைத்துவிட்டு, அவருக்குக் கிட்டப் போய், முகத்துக்கு நேரே இருந்து மெல்லமாகக் கேட்டேன்.

“அண்ணை, கேக்குதோ இல்லையோ எண்டு சொல்லவேண்டாம். என்ன மாதிரிக் கேக்குது?”

இப்படி ஒருவரும் அவரைக் கேட்டதில்லை போல. கதிரையில் நிமிர்ந்து இருந்தார். பிறகு வாயைத் திறந்து காட்டினார்.

“ஆ வருது. ஓ வருது. ஊ வருது. பிள்ளையின்ர குரல் எண்டு தெரியுது தம்பி, அது எனக்கு நல்லாத் தெரியுது. ஆனால் அந்தக் குரலுக்குப் பல்லு இல்லை. பல்லுக் கழண்ட ஆள் கதைக்கிற மாதிரி. எல்லாம் முரசுக்குள்ளேயே நிக்குது” என்று ஈறைத் தொட்டுக் காட்டினார்.

நான் எழும்பி நின்றுவிட்டேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ வீட்டில் ஸ்பீக்கர் பூட்டியிருக்கிறேன். காது குறைந்தவருக்கு என்ன கேட்கிறது என்று இவ்வளவு சரியாக ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. ஆ, ஓ, ஊ எல்லாம் கீழ்ச் சுருதியில் இருப்பவை. அவை குரலின் சதை. ச, த, ட, க என்று பல்லிலும் நாக்கிலும் உண்டாகிற சத்தங்கள் இரண்டாயிரம் ஹேர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. கதையை விளங்கவைப்பது அவைதான். எஞ்சின் கடித்துத் தின்றதும் அந்த இடத்தைத்தான். நான் வொலியூமைக் கூட்டக் கூட்டச் சதை பெருத்ததே தவிரப் பல் முளைக்கவில்லை.

ஈகுவலைசரை எடுத்தேன். கீழே இருந்த பேஸ் குமிழ்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். மேலே இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் வரை கொஞ்சங் கொஞ்சமாக ஏற்றினேன். ஏற்றிய இடம் திடீரென்று காதில் குத்தாமல் இருக்க மிக்சரில் கொம்பிரசரையும் போட்டேன். அது மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும், உரத்ததைப் பிடித்து அமர்த்தும். அண்ணையின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் குமிழை நகர்த்தினேன்.

ஒடியற்கூழ் திரும்பத் திரும்ப ஓடியது. பாக்கியமக்கா பொறுக்கமுடியாமல் வந்தார்.

“என்ன தம்பி செய்யிறீர்? அருமையாயிருந்த பிள்ளையின்ர குரலைத் தகரப்பேணியில போட்டுக் குலுக்கிற மாதிரி ஆக்கிப்போட்டீர்! முந்தி நல்லாயிருந்தது.”

அவர் காதுக்கு அது தகரப்பேணிதான். என் காதுக்கும் அப்படித்தான். அந்த ஸ்பீக்கரைச் செய்தவன் கேட்டால் அழுதிருப்பான்.

அப்போது கனகண்ணை கையைத் தூக்கினார்.

“பொறும். இவள் புளி எப்ப விடுறதெண்டு சொல்லேல்லை.”

பாக்கியமக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

“மரவள்ளி போட்டாச்சு, பயத்தங்காய் போட்டாச்சு, மீன் போட்டாச்சு. ஒடியல் மாவையும் கரைச்சு விட்டிட்டாள். புளி எங்க? புளி விடாமல் என்ன கூழ்?”

பாக்கியமக்கா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்பீக்கரின் மேலிருந்த ஒரு தூசியையும் அதே தலைப்பால் தட்டிவிட்டார்.

பிள்ளைகளே, இந்த வேலையில் நான் கற்றது இதுதான். நல்ல சத்தம் என்று ஒன்று தனியாகக் கிடையாது. கதிரையில் இருப்பவருடைய காதுக்கு எது போய்ச் சேருகிறதோ அதுதான் நல்ல சத்தம். சாமான் வாங்குமுன் அந்தக் கதிரையில் இருப்பவரிடம் என்ன மாதிரிக் கேட்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லைப் பிழை பிடிக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் கையிலிருக்கும் தொழில் முழுவதும் அப்படி வாங்கிய சொற்கள்தான். கனகண்ணையின் ‘பல்லு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு தீவுப்பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் வேலை செய்துவிட்டேன். அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றி எழுதித் தீராது.

லோஞ்ச் கடைசியில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். விற்றார்கள்தான். ஆனால் அந்தத் திங்கட்கிழமை அல்ல, அந்தப் புங்குடுதீவு ஆளுக்கும் அல்ல. மாரி கழிந்த பிறகு, கனகண்ணை தானே ஆளைப் பார்த்து, தானே கதைத்து, தானே கடலில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டிக் கொடுத்தார். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது அது அல்ல. நான் சொல்ல வந்தது அன்று மத்தியானம் நடந்தது.

அழைப்பு

சாப்பாடு முடிந்து கை கழுவுகிற நேரம் வதனி எடுத்தாள். லப்டொப்பில் அவள் முகம் வந்தது. பாக்கியமக்கா வழக்கப்படி கனகண்ணையின் தோளில் கையை ஊன்றி, காதுக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோனார்.

“அப்பா, சாப்பிட்டீங்களோ?”

“சாப்...” என்று பாக்கியமக்கா கத்தத் தொடங்குமுன், “சாப்பிட்டிட்டன் பிள்ளை, ஓரா மீன் குழம்பு” என்றார் கனகண்ணை.

வதனி சோதிப்பது மாதிரி, குரலை உயர்த்தாமலே சொன்னாள்.

“அப்பா, இஞ்ச வெளியில பனி கொட்டுது.”

“சப்பாத்துப் போடாமல் திரியாதை. கூழுக்குப் புளி விடுறேல்லையோ நீ?”

வதனி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து இருந்து, எனக்குப் போனில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“அப்பா, லோஞ்சைக் குடுக்கிறதெண்டு கதைச்சது. அது உங்களுக்கு மனமோ?”

கனகண்ணையின் தலை ஆடவில்லை.

“எந்த லோஞ்சு?”

“எங்கட லோஞ்ச்தான் அப்பா.”

“ஆர் குடுக்கிறது?”

“நீங்கள்தானே!” என்று பாக்கியமக்கா பாய்ந்தார். “போன ஞாயிறு பிள்ளை கேக்க நீங்கள்தானே ஓம் எண்டனீங்கள். நாளைக்கு அந்த ஆள் வருது!”

“நான் நாளாந்தம் எத்தினை ஓம் சொல்லுறனான். அதில எந்த ஓமைக் கொண்டுபோய் லோஞ்சை வித்தனீர்?”

“பாத்தீரே தம்பி கதையை!” என்று அக்கா என்னைச் சாட்சிக்கு இழுத்தார். நான் வயரைச் சரிசெய்வது மாதிரிக் குனிந்துகொண்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் அடுப்படிச் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தேன். அங்கேயும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வதனி தாயை மறிக்கவில்லை. தாய் சொல்லி முடியும்வரை பொறுத்திருந்து, முன்னையிலும் மெல்லிய குரலில் கேட்டாள்.

“அப்பா, ஓடாத லோஞ்சுக்குள்ள காலமை காலமை போய் என்ன செய்யிறனீங்கள்? தண்ணி மட்டுமோ இறைக்கிறனீங்கள்?”

அதை அவரிடம் அந்த வீட்டில் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். அப்படியான கேள்வியைக் காதுக்குள் கத்திக் கேட்க ஏலாது.

கனகண்ணை திரையைப் பார்த்தபடி இருந்தார். பாக்கியமக்காவைப் பார்த்தார். வேலிப்பக்கம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “தம்பி, இதில சத்தம் குறைக்கிறது எது?” என்று கேட்டார்.

எனக்கு விளங்க ஒரு கணம் சென்றது. மிக்சரின் கடைசிக் குமிழைக் காட்டினேன்.

எழும்பினார். லோஞ்சின் எஞ்சினை அமர்த்துகிற கையால் அந்தக் குமிழை மெல்ல மெல்லப் பின்னால் திருப்பினார். கதவடிக்கு விலகி நின்ற எனக்கு, “அப்பா, கேக்குதோ?” என்று கேட்ட வதனியின் குரல் முணுமுணுப்பாகி, சொல் விளங்காமல் போகும்வரை திருப்பினார். தன் காதுக்கு மட்டும் எட்டும்படி கதிரையைத் தூக்கி இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், முழங்கால் ஸ்ரூலில் முட்டும்படி வைத்தார்.

“நீர் தம்பிக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடும்” என்று பாக்கியமக்காவிடம் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்தோம். அவர் எங்களுக்குப் பின்னால் வந்து, அறைக் கதவைச் சாத்தினார்.